பாதி மீசை

இன்ஸ்பெக்டர் சார், காபிக்கு நன்றி. ஒரு முழுக் காபியை நான் தனியாகக் குடித்துப் பல வருஷம் ஆகிறது. நம் பெங்களூரில் பை-டூ என்று ஓர் ஏற்பாடு இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்வது. ஜோகுபாளையம் பேக்கரி வாசலில் தினமும் மாலையில் ஒரு பாதியை நான் குடிப்பேன், மறு பாதியை சேஷகிரி சார் குடிப்பார். அவருடைய பாதி எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

நீங்கள் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் படிப்பேன் என்று சொன்னீர்கள். அதனால் என் கைப்படத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். வாயால் சொன்னால் உங்கள் ரைட்டர் கன்னடத்தில் சுருக்கிவிடுவார். சுருக்கினால் ஏதோ புத்தி பேதலித்தவன் செய்த வேலை போலத் தெரியும். காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் நியாயமான எவருக்கும் புரியும்.

என் பெயர் கோவிந்தராஜன். மாநில அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். அப்பாவும் மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்தான். சைக்கிள் காணாமல் போனதற்குக்கூட எங்கள் குடும்பத்தில் யாரும் போலீஸ் ஸ்டேஷன் படியேறியதில்லை. சாமிநாதனைக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாக வந்தேன். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது அவன் வேலை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். நடு வட்டம், பக்கக் கோடு, மூலைகள் எல்லாம் அவன் போடுவதுதான். ஆனால் இரண்டு பக்கத்துக் கோல் கோடும் நான் போடுவது. அவன் போட்டால் பாதி வழியில் கோணிக்கொண்டு போகும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோடுகளை நீங்களே குனிந்து பார்த்தீர்கள். எவ்வளவு நேராக இருந்தன என்று கவனித்திருப்பீர்கள். சாமிநாதன் கையில் அப்படி வராது.

நான் ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. சின்ன வயதிலிருந்து மூச்சு இழுப்பு. ஓட முடியாதவன் வேறு என்ன செய்வான், ஓரமாக நின்று பார்ப்பான். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கால்பந்து கற்றேன். மர்பி டவுன் மைதானத்தில் மேட்ச் என்றால் எனக்குச் சாப்பாடு வேண்டாம். ஓடுகிறவன் கண்ணுக்குத் தெரியாத பல விஷயங்கள் நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியும். இதை சேஷகிரி சார் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் காலேஜ் டீமில் ஆடியவர். காலேஜ் டீமில் ஆடியதை வாரம் ஒரு முறையாவது சொல்லிவிடுவார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நான் அவரை 'சேஷகிரி சார், நீங்க' என்பேன். அவர் என்னைக் 'கோவிந்து, நீ' என்பார்.

இந்தத் தொண்ணூற்றெட்டில் ஊரே உலகக் கோப்பையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் பேக்கரி வாசலில் வேறு வழக்கு நடந்தது. இந்திய அணிக்கு எங்கள் பகுதியிலிருந்து யார் கோல்கீப்பர்? ஒருவன் அர்ஜுனன், எங்கள் தெருப் பையன். இன்னொருவன் மைக்கேல்ராஜ், மர்பி டவுன். இருவரும் நல்ல பிள்ளைகள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோல்கீப்பர் வேலைக்கு நல்ல பிள்ளையாக இருந்தால் மட்டும் போதுமா?

அர்ஜுனன் பந்தைப் பிடிப்பான். பக்கவாட்டிலிருந்து உயரமாக வருகிற பந்துக்கு, அதைக் கிராஸ் என்பார்கள், முன்னால் வந்து, ஆட்களுக்கு மேலே எழும்பி, இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்வான். மைக்கேல்ராஜ் அதையே முஷ்டியால் குத்துவான். குத்திய பந்து எங்கே போகும்? எதிரி காலுக்குப் போகும். இதைப் பல மாலைகள் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். சேஷகிரி சார் பன்னைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, மைக்கேல்ராஜின் உயரத்தைப் பார், அவன் பாய்ச்சலைப் பார், அர்ஜுனனுக்கு இடது காலில் உதையே கிடையாது என்பார். சுற்றி நிற்பவர்கள் அவர் பக்கம் தலையாட்டுவார்கள். மேனேஜராக இருந்தவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அப்போதுதான் தேசிய அணிக்குப் புதிதாக ஒரு கோச் வந்தார். முகாம் நம் ஊர் எல்லையிலேயே நடந்தது. முகாமுக்குக் கூப்பிட்ட ஆட்கள் பெயர் பேப்பரில் வந்தது. மைக்கேல்ராஜ் இருந்தான். அர்ஜுனன் இல்லை.

எனக்கு வந்த கோபத்தை மறைக்கப் போவதில்லை. அந்தக் கோச் எங்கள் லீக்கில் ஒரே ஒரு மேட்ச் பார்த்தார். அதுவும் இடைவேளைக்குப் பிறகு வந்தார். வந்தவர் பாதி நேரம் மாலை வாங்கிக்கொண்டும் கை குலுக்கிக்கொண்டும் இருந்தார். மீதி நேரத்தில் மைக்கேல்ராஜ் ஒரு பெனால்டியைத் தடுத்துவிட்டான். அவ்வளவுதான், ஆளைப் பிடித்துப்போயிற்று. நூறு கோடி ஜனங்களின் மானத்தைக் காக்க ஆள் எடுப்பது இப்படியா? ஒரு கடைநிலை ஊழியரை எடுப்பதற்கே எங்கள் ஆபீசில் மூன்று கட்டம் வைப்போம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி ராதா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் பேக்கரி வாசலில் சேஷகிரி சார் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். மிகவும் அன்பாக என் தோளைத் தட்டி, "உடு கோவிந்து. நீ ஆட்டத்தப் பாக்கறதில்ல, உன் தெருப் பையனப் பாக்கற. எல்லாரும் பண்ற தப்புதான்" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு வாய் தவறிற்று. தவறிற்று என்றுகூடச் சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் சொன்னேன்.

"மைக்கேல்ராஜ் இந்தியா ஜெர்சி போட்டு எறங்கட்டும் சார். நான் பாதி மீசைய எடுத்துட்டு இதே வாசல்ல வந்து நிக்கறேன்."

சேஷகிரி சார் என் மீசையை நிதானமாகப் பார்த்தார். "எந்தப் பாதி? இப்பவே சொல்லிடு. அப்புறம் கன்ஃப்யூஷன் ஆவும்" என்றார்.

பேக்கரியில் சிரிக்காத ஆள் இல்லை. கல்லாவில் இருந்தவர்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று செய்வார். வாயால் எதுவும் சொல்ல மாட்டார். இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி மூக்குக்குக் கீழே வைத்து ஒரு முறை அசைப்பார். அவ்வளவுதான். பிறகு வழக்கம்போல என் பாதிக் காபியை என் பக்கம் நகர்த்துவார். கொஞ்ச நாளில் அந்த விரல் மற்றவர்களுக்கும் பரவியது. ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவன் செய்தான். தள்ளுவண்டியில் காய் விற்கிறவன் செய்தான், அவனுக்குக் கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாது. மகள் தீபிகாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வருகிறபோது பேக்கரியில் வழி விசாரித்தாராம். 'மீசைக்காரர் வீடா?' என்று கேட்டு அனுப்பினார்களாம். அதை அவர் எங்கள் கூடத்தில் தமாஷாகச் சொன்னார். ராதாவும் சேர்ந்து சிரித்தாள்.

சவாலை மறந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். ஒரு மனிதர் வருஷக்கணக்கில் எதிரே நின்று, நீ சொல்வது தப்பு, நீ சொல்வது தப்பு என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால், ஒரு தடவையாவது அவர் வாயால் சரி என்று கேட்கத் தோன்றாதா? அரசாங்க வேலையில் முப்பது வருஷம் மேலதிகாரிகளிடம் ஆமாம் சார் போட்டவன் நான். எனக்கு யாரும் ஆமாம் போட்டதில்லை. ஆனால் அது இதற்குக் காரணம் இல்லை. காரணம் அர்ஜுனனுக்கு நடந்த அநியாயம்.

அநியாயத்தைச் சரிசெய்ய ஒழுங்கான வழிகளில்தான் முதலில் போனேன். கால்பந்து சங்கத்துக்காரர்களைப் போய்ப் பார்த்தேன், உட்காரக்கூடச் சொல்லவில்லை. முகாம் வாசலுக்கு பஸ் மாறிப் போய் நின்றேன். கோச் கார் கண்ணாடியை இறக்காமல் போய்விட்டார். அதன் பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன். ஒரு கோல்கீப்பர் ஒரு மாதம் ஆட முடியாமல் போனால் அந்த இடத்துக்கு அடுத்தவனைக் கூப்பிட்டே ஆகவேண்டும். தேர்வு தானாகச் சரியாகிவிடும். கை காலை உடைக்கலாம் என்றெல்லாம் நான் நினைக்கவே இல்லை. அடிதடி எனக்குப் பிடிக்காது.

மைக்கேல்ராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்தவப் பையன், ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரையும் போலத்தான். மேட்ச் தொடங்குவதற்கு முன்னால் கோல் வாசலில் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு குனிந்து, கையுறை மாட்டாத விரல்களால் கோல் கோட்டைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வான். நாம் கோவில் படியைத் தொட்டு ஒற்றிக்கொள்வோமே, அப்படி. சுண்ணாம்பு இமையில் வெள்ளையாக ஒட்டியிருக்கும். அதோடுதான் ஆடுவான். அர்ஜுனனுக்கு இந்த வழக்கம் இல்லை, அவன் கம்பத்தை ஒரு உதை உதைத்துவிட்டு நிற்பான். மைக்கேல்ராஜின் பழக்கம் வெறும் பகட்டு என்று நான் பேக்கரியில் சொல்லியிருக்கிறேன். அது பக்தி, உனக்குப் புரியாது என்று சேஷகிரி சார் சொன்னார்.

மைதானத்தில் போடுகிற சுண்ணாம்பு நன்றாகத் தண்ணீர் குடித்து, ஆறி, காய்ந்து, பொடியானது. வெறும் மாவு மாதிரி. கையால் அள்ளினாலும் ஒன்றும் செய்யாது. சூளையிலிருந்து வந்த சுண்ணாம்பு வேறு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பில்லாமலே கொதிக்கும். அல்சூர் பக்கம் ஒரு கடையில் கொஞ்சம் வாங்கிவந்து பொடித்து டின்னில் மூடி வைத்தேன். கண் எரியும், சிவக்கும், ஒரு மாதம் ஓய்வில் இருப்பான், இதுதான் என் எண்ணம். வெள்ளையடிக்க வந்த ஒருவருக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு கண் போனதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கவனக்குறைவான ஆள்.

முகாமிலிருந்த உள்ளூர்ப் பையன்களை அந்த ஞாயிற்றுக்கிழமை லீக் ஃபைனலுக்காக அனுப்பியிருந்தார்கள். கோச்சே நேரில் வந்து மைக்கேல்ராஜைப் பார்ப்பார், பார்த்த பிறகு முடிவு செய்வார் என்று பேச்சு. ஆனால் கோச் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மதியமே போய்விட்டேன். சாமிநாதன் பக்கக் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். வானம் மூடியிருந்தது, தூறினால் எல்லாம் வீணாகப் போயிருக்கும். தூறவில்லை. கையில் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு, கயிறு பிடித்து, இரண்டு கோல் கோடுகளையும் போட்டேன். டாஸ் யாருக்கு விழும், மைக்கேல்ராஜ் எந்தப் பக்கம் நிற்பான் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் இரண்டு பக்கமும் ஒரே சுண்ணாம்பு. எதிர் டீமின் கோல்கீப்பர் கவின் என்று ஒரு காலேஜ் பையன். வியர்த்த கை வழுக்கக் கூடாதென்று கோட்டிலிருந்து ஒரு பிடி அள்ளித் தேய்த்துக்கொண்டான் போலிருக்கிறது. அவனுக்கு உள்ளங்கை மட்டும்தான் வெந்தது. ஆறிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். அவன் எந்தத் தேர்விலும் இல்லாதவன்.

மைக்கேல்ராஜ் மேற்குப் பக்கக் கோலுக்கு வந்தான். சிலுவை போட்டான். குனிந்து தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டு, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் அப்படியே தலை குனிந்து நின்றான். அன்று அவன் ஏன் அவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டான் என்பது எனக்குத் தெரியும். அதையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் தலையை உதறினான். பிறகு தேய்த்தான். தேய்க்கக் கூடாது. பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டான். இருபத்து மூன்று வயதுப் பையன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோரும் ஓடினார்கள். அர்ஜுனன் அன்று மேட்ச் பார்க்க வந்திருந்தான், அவன்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். மைக்கேல்ராஜைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு தண்ணீர், தண்ணீர் என்றான். மைதானத்துக் குழாய்க்குப் பூட்டு உண்டு. அக்கம்பக்கத்தார் குடம் குடமாகப் பிடித்துப் போய்விடுகிறார்கள் என்று மைதானக் கமிட்டியில் பூட்டச் சொன்னவன் நான்தான். சாவி என்னிடம் இருந்தது.

சாவியைத் தேடினேன். வேட்டி மடிப்பில் தேடினேன், பையில் தேடினேன், உட்கார்ந்திருந்த இடத்தில் தேடினேன். சட்டைப் பையில் இருந்தது. சட்டைப் பையில் இருப்பது தெரிந்துதான் மற்ற இடங்களில் தேடினேன். இதை மறைத்தால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தமில்லை.

அதற்குள் யாரோ நனைந்த துண்டால் துடைத்துவிட்டிருக்கிறார்கள். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை என்கிறார்கள்.

மறுநாள் அர்ஜுனன் என் வீட்டுக்கு வந்தான். ராதா உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எத்தினி வருசமா நீங்க கோடு போடுறதப் பாக்கறேன் அங்கிள். வெறுங்கையாலதான் போடுவீங்க. நேத்து மட்டும் எதுக்குக் கையில கவர் கட்டிக்கிட்டீங்க?"

தோல் வறண்டு போய்விட்டது, டாக்டர் சொன்னார் என்றேன். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். என்னைவிட உயரமான பையன், அன்று நிமிர்ந்தே நிற்கவில்லை.

"எனக்காகப் பண்ணேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றான்.

சொல்லிவிட்டுப் போய்விட்டான். நன்றியை எதிர்பார்த்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் பெயருக்காகப் பேக்கரி வாசலில் தனியாளாக நின்று வாதாடியவன் நான். அன்றே அவன் முகாமுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான், இனிமேல் கோலுக்கு நிற்கப்போவதில்லை என்று. கோச் அவன் இடத்துக்கு வேறு மாநிலத்திலிருந்து ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் ஆட்டத்தை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். கோட்டை விட்டு வெளியே வரவே மாட்டான். அந்தத் தேர்வும் தவறு.

இதைப் படிக்கிறபோது நீங்கள் ஓர் இடத்தில் நிற்பீர்கள். அர்ஜுனனுக்கு முகாமில் இடமே இல்லையே, இல்லாத இடத்தை அவன் எப்படி வேண்டாமென்றான் என்று கேட்பீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். இரண்டு இடத்தில் பிறகு சொல்கிறேன் என்று எழுதினேன், அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த வார நடுவில் முகாமில் ஒரு கோல்கீப்பருக்கு ஜுரம் வந்து, ஒரு நாள் பயிற்சிக்கு ஆள் குறைந்திருக்கிறது. உள்ளூர்ப் பையன் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள் என்று கோச் சொல்ல, மைக்கேல்ராஜ்தான் அர்ஜுனன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அர்ஜுனன் போனான். பக்கவாட்டிலிருந்து வந்த பந்தையெல்லாம் எழும்பி எடுத்திருக்கிறான், நான் சொன்ன மாதிரியே. ஞாயிற்றுக்கிழமை காலைப் பேப்பரில் கடைசிப் பட்டியல் வந்துவிட்டது. அர்ஜுனன் உள்ளே. மைக்கேல்ராஜ் வெளியே. அதனால்தான் கோச் மாலை மேட்சுக்கு வரவில்லை. பார்க்க அவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. மைக்கேல்ராஜ் அன்று அவ்வளவு நேரம் வேண்டிக்கொண்டதும் அதனால்தான்.

ஆமாம் சார். ஞாயிற்றுக்கிழமை காலை. டின் அப்போது எங்கள் மாடிப்படிக்குக் கீழே மூடியபடிதான் இருந்தது.

பேப்பரை எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு ஓடினேன். இழுப்பு வந்தது, ஆனாலும் ஓடினேன். எல்லோருக்கும் காரா பன் வாங்கிக் கொடுத்தேன். ஆட்டோ ஸ்டாண்டுப் பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். சேஷகிரி சார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செய்தியை முழுக்கப் படித்தார். பேப்பரை அழகாக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"கோச்சுக்கு எங்கேருந்தோ பிரஷர் வந்திருக்கு. ஆனா ஒண்ணு கோவிந்து, பெங்களூர்ல கீப்பர்னா மைக்கேல்ராஜ்தான். யார் எடுத்தா என்ன, எடுக்கலன்னா என்ன. நீ மீசைய வெச்சுக்கோ, போ."

பிறகு பை-டூ சொன்னார். வந்த காபியை ஊற்றி என் பாதியை என் பக்கம் நகர்த்தினார். அவருடையது அன்றும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ராதா பாயசம் வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு டின்னை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

கிழக்குப் பக்கக் கோட்டை முடித்து நிமிர்ந்தபோது மைக்கேல்ராஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சீக்கிரமே வந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது, அழுதிருப்பான். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"பேப்பர் பாத்தீங்களா அங்கிள்? நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க, அர்ஜுனன்தான்னு. கரெக்டாத்தான் சொன்னீங்க. அவன் கிராஸ் எடுக்கற மாதிரி எனக்கு வராது."

இத்தனை வருஷத்தில் கால்பந்து விஷயமாக நான் சொன்னது சரி என்று எனக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவனுக்கு நல்ல மனசு, அதை நான் முதலிலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த வருஷம் உனக்கும் கிடைக்கும் என்று தோளில் தட்டினேன். கையில் கவர் இருந்ததால் லேசாகத்தான் தட்டினேன். பிறகு டின்னையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கக் கோட்டைப் போடப் போனேன்.

எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கோச் ஒப்புக்கொண்டார். மைக்கேல்ராஜே ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொள்ளாத ஆள் ஒருவர்தான் பாக்கி இருந்தார். தேர்வு சரியாகிவிட்டது என்பதால் ஒரு தவறான அபிப்பிராயத்தை அப்படியே விட்டுவிட முடியுமா?

மேலே எழுதியது எல்லாம் உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை. இரண்டு கோல் கோடுகளையும் போட்டது நான், சாவியை வைத்துக்கொண்டு தேடியது நான். சாமிநாதனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காபியில் பாதி அப்படியே இருக்கிறது, பழக்கதோஷம், மன்னிக்கவும்.

ஒரே ஒரு வேண்டுகோள். சாட்சியாக சேஷகிரி சாரை எப்படியும் கூப்பிடுவீர்கள். கூப்பிடும்போது அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைய தேதியில், மைக்கேல்ராஜ், அர்ஜுனன், இந்த இரண்டு பேரில் நல்ல கோல்கீப்பர் யார்? அவர் பதில் சொல்லும்போது நான் எதிரே இருக்க வேண்டும்.